பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

வியாழக்கிழமை சாயங்காலத்துப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் டிரைவிங் டீச்சர் வாயைத் திறந்தால் நேரம் போவதே தெரியாது என்பார்கள். நன்றாகவே தெரிகிறது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் அதை வீட்டுக்குப் போகிற வழியில்தான் சொல்லிக்கொள்வார்கள். பகலெல்லாம் "கிளட்ச்சை விடுங்க, மெதுவா விடுங்க, ஐயையோ விடாதீங்க" என்று கத்திக் கத்திப் பழுத்த தொண்டை அது. அதை வாரத்துக்கு ஒருமுறை ஆண்டவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

அன்றைக்கு ஜெபிக்க வேண்டிய காரியம் பிள்ளைகள் இல்லம். நடக்க முடியாத, சிலருக்குப் பேசவும் முடியாத, பெற்றவர்கள் வளர்க்க வழியில்லாமலோ மனமில்லாமலோ விட்டுப்போன பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் அங்கே இருந்தார்கள். சபையில் அவர்களுக்காக வருஷக்கணக்காக ஜெபம் நடந்துவந்தது. டீச்சர் முழங்காலில் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இரக்கமுள்ள தகப்பனே, வலியிலே துடிக்கிற அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைகளை உம்முடைய கண்கள் காணட்டும். உம்முடைய கைகள் அவர்களைத் தூக்கி எடுக்கட்டும். உம்முடைய பாதங்கள் அந்த வாசலை மிதிக்கட்டும்..."

வாசல் என்ற இடத்தில் சொல் நின்றுவிட்டது. மூடிய கண்ணுக்குள் அந்த வாசல் வந்து நின்றது. பச்சை கேட். முட்டுச்சந்தின் கடைசி. தினமும் மாணவர்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவாள். "பச்சை கேட் வந்ததும் ஸ்டியரிங்கை ஒடிங்க, ரிவர்ஸ் எடுங்க, திரும்புங்க" என்பதுதான் நான்காம் பாடம். அந்த கேட்டுக்கு ஒரு கை தூரம் வரைக்கும் பின்பக்கமாகப் போய்விட்டு, முன்பக்கமாகத் திரும்பி வந்து கொண்டிருந்தாள், இத்தனை வருஷமும்.

வயிற்றுக்குள் எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பியது. அடக்கினாள். மூக்கு வழியாக வந்தது. இருமல் மாதிரி மாற்றப் பார்த்தாள், அது கேட்கவில்லை. முழங்காலில் நின்றவள் அப்படியே உட்கார்ந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இரண்டு பேர் பரிசுத்த ஆவிதான் இறங்கிவிட்டது என்று நினைத்து "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள். பாஸ்டரம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"என்ன சிஸ்டர், உடம்புக்கு என்ன?"

"மன்னிச்சிடுங்க. ஆண்டவரை அங்கே போங்க போங்கன்னு வாராவாரம் அனுப்பி வைக்கிறேன். நான் தினமும் அந்த கேட்டு வரைக்கும் போய், ரிவர்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்."

 பிறகு பாஸ்டரம்மாவின் உதடும் துடித்தது. "அப்போ ஆமென் சொல்லிட்டுக் கிளம்புங்க. இருட்டறதுக்குள்ள போகலாம்" என்றாள்.

டீச்சர் ஆமென் சொன்னாள். அவள் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபம் அது.

கிளம்பியது என்னவோ உண்மை, ஆனால் நேராக இல்லத்துக்குப் போகத் தைரியம் வரவில்லை. புருஷனின் மெத்தைக் கடைக்குப் போனாள். அவர் தான் விற்கிற சரக்கைப் போலவே மெத்தென்ற மனிதர். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தன் சரக்கின் தரத்தைத் தானே படுத்துப் பரிசோதிப்பார். டீச்சர் எழுப்பி விஷயத்தைச் சொன்னாள்.

"போயேன். உன்னை யார் தடுத்தா?"

"போய் என்னங்க பண்றது? எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். கார் ஓட்டறது, பேசறது."

"பேசாம இருந்து பாரு. அது உனக்கும் புதுசா இருக்கும்" என்றவர், அவள் முறைத்ததும் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சரி, நானும் வர்றேன் வா."

பச்சை கேட்டைத் திறந்தது இல்லத்தை நடத்துகிற அம்மாள். பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். உள்ளே நீளமான ஒரு கூடம், ஓரம் ஓரமாகக் கட்டில்கள், நடுவில் பாய் விரித்த இடம். சுவரோரமாகச் சக்கர நாற்காலியில் இருந்த பத்து வயதுப் பெண் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். வீட்டையே அதிகாரம் பண்ணுகிறவள் என்பதால் அவளுக்கு முதலாளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஜெபம் பண்ண வந்தீங்களா, போட்டோ எடுக்க வந்தீங்களா?" என்றாள் முதலாளி.

"ஏம்மா?"

"வர்றவங்க ரெண்டுல ஒண்ணு பண்ணுவாங்க. ஜெபம்னா கண்ணை மூடணும், போட்டோன்னா சிரிக்கணும். முன்னாடியே தெரிஞ்சா வசதி."

டீச்சர் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிறவம்மா" என்றாள் மெதுவாக.

முதலாளியின் முகம் மாறியது. பக்கத்துக் கட்டிலில் தலையணைக்கு நடுவே சாய்ந்திருந்த ஏழு வயதுப் பையன் நிமிர்ந்தான். பெரிய மனுஷன் மாதிரி பேசுவதால் அவன் பெயர் சித்தப்பா.

"அந்த 'ஐயையோ விடாதீங்க' நீங்கதானா?" என்றான் சித்தப்பா.

மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் போட்ட சத்தமெல்லாம் இந்தப் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. ஒரு பாடம் விடாமல் இவர்களுக்கு மனப்பாடம். எந்த கியரில் எப்போது போகவேண்டும், கண்ணாடியை எப்போது பார்க்கவேண்டும், எல்லாம் தெரிந்திருந்தது. காரைத்தான் பார்த்ததில்லை.

"அந்தப் பல் டாக்டர் பாஸ் பண்ணிட்டாரா?" என்று விசாரித்தான் சித்தப்பா. "அவருக்குப் பாதி கிளட்ச் கடைசி வரைக்கும் வரலையே."

"பண்ணிட்டார்ப்பா, மூணாவது தடவையில."

"ரோட்டுல ஜாக்கிரதையா இருக்கணும் இனிமே" என்று பெருமூச்சு விட்டான்.

மெத்தைக் கடைக்காரர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து அழுகை கேட்டது. வார்த்தையில்லாத, ஒரே இழுப்பான அழுகை. டீச்சர் எழுந்துவிட்டாள்.

"மொட்டுதான். கால் பயிற்சி நடக்குது" என்றாள் முதலாளி. "எல்லாருக்கும் உண்டு. நரம்பு இறுகிடும் இல்ல, இழுத்து விடணும். நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்த மாட்டாங்க. நிறுத்தினா நமக்குத்தான் கெடுதல்." பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டு, பிறகு தன் சொந்தக் குரலில் சொன்னாள்: "நான் இப்பல்லாம் சொல்றதே இல்ல. மொட்டுக்குச் சொல்லவும் வராது."

டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஐந்து வயதுக் குழந்தை. கையும் காலும் மொட்டு மாதிரி மடங்கி இறுகியிருந்தது. பயிற்சி கொடுக்கிற இளம்பெண் முரட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. மெதுவாகத்தான் இழுத்தாள், ஏதோ முனகிச் சமாதானம் சொல்லிக்கொண்டே. ஆனாலும் வலி வலிதானே. டீச்சர் போய் அந்தக் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பயிற்சி முடிகிற வரைக்கும் அந்த ஈர நெற்றியில் கையை வைத்திருந்தாள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். புருஷன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். "நாளைக்கும் வரலாம்" என்றார். "ஃபோம் கொண்டுவரலாம். அந்தப் பையன் சாயற தலையணை சரியே இல்ல. முதுகுக்கு வாட்டமா வெட்டணும்."

வந்தார்கள். அளவெடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முதுகுக்கும் இடுப்புக்கும் ஏற்றபடி அவர் ஃபோம் வெட்டிக் கொண்டுவந்தார். அந்தத் திண்டுகளைக் காரிலும் வைக்கலாமே என்ற யோசனை யாருக்கு வந்தது என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் இன்றுவரை தகராறு. பெரியம்மா முதலில் முடியவே முடியாது என்றார். இல்லத்துக்கு வந்துபோகிற டாக்டர் காரைச் சுற்றி வந்து பார்த்து, திண்டை அமுக்கிப் பார்த்து, "மெதுவா போனா தாராளமா போகலாம். எனக்கே உட்காரணும்போல இருக்கு" என்றதும் பெரியம்மா இறங்கிவந்தார். ஆனால் ரோட்டில் கூடாது, டீச்சர் பாடம் நடத்துகிற காலி மைதானத்தில் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முன்சீட்டில் முதலாளி. திண்டு, பெல்ட், எல்லாம் சரி. கார் கிளம்புவதற்கு முன்னாலேயே அவள் குனிந்து பார்த்துவிட்டாள்.

"இங்கேயும் பெடல் இருக்கே. இது யாருக்கு?"

"எனக்கும்மா. நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்துதானே சொல்லிக் கொடுப்பேன். ஓட்டறவங்க தப்புப் பண்ணினா நான் பிரேக்கைப் போட்டு நிறுத்திடுவேன்."

"இன்னிக்கு நீங்க ஓட்டறீங்க. பக்கத்து சீட்டுல நான்தான் இருக்கேன்."

"ஆமா."

"அப்போ பிரேக்கு எனக்கு."

நியாயம்தான். ஆனால் அவள் காலுக்கு அசைவே கிடையாது. அன்றைக்கு மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். வேறு பிள்ளையாக இருந்தால் அதற்கே குதித்திருக்கும். முதலாளி வழியெல்லாம் பெடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மெத்தைக் கடைக்காரர் அடுத்த நாளே ஒரு துடைப்பக் கட்டையோடு வந்தார். அடியில் ஃபோம் சுற்றி, பெடலோடு நழுவாமல் பட்டை போட்டுக் கட்டி, மேலே கைப்பிடிக்கு ஒரு சின்னத் திண்டும் வைத்திருந்தார். கையால் அமுக்கினால் பிரேக் பிடிக்கும். "கண்டுபிடிப்பு" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

கார் முதல் கியரில் ஊர்ந்தது. முதலாளி இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்திருந்தாள். திடீரென்று அமுக்கினாள். கார் ஒரு குலுங்குக் குலுங்கி, இஞ்சின் அணைந்து, நின்றுவிட்டது. மைதானம் அமைதியாக இருந்தது.

"நானா நிறுத்தினேன்?"

"நீதான்."

"நீங்க போடலையே?"

"என் கால் அந்தப் பக்கமே போகல."

முதலாளி நம்பவில்லை. "மறுபடி போங்க" என்றாள். போனார்கள். அமுக்கினாள். நின்றது. அப்புறம் அவளுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, வாயில் ஆரம்பித்துத் தோளுக்குப் போய் திண்டெல்லாம் குலுங்கியது. டீச்சரையும் அது பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் பெரியம்மாவையும் விடவில்லை. கண்டிப்பான மனுஷி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார். நூறு அடி போவதற்குள் பத்து இடத்தில் நின்றார்கள். காக்காய்க்காக நின்றார்கள். பறந்து வந்த காகிதத்துக்காக நின்றார்கள்.

"இப்போ எதுக்கும்மா நிறுத்தினே?"

"சும்மா" என்றாள் முதலாளி.

இத்தனை வருஷம் அடுத்தவர் தப்புக்கு பிரேக் போட்டே பழகியவள், இன்றைக்கு ஓட்டுகிற சீட்டில் இருந்துகொண்டு சும்மா சும்மா நிறுத்தப்பட்டாள். கழுத்து வலித்தது. இப்படி ஒரு சந்தோஷத்தில் கழுத்து வலித்தால்தான் என்ன என்று இருந்தது.

சித்தப்பாவின் முறை வந்தபோது எல்லாம் காரணத்தோடுதான் நடந்தது. "வேகம் ஜாஸ்தி" என்று அமுக்குவான். மைதானத்தின் குறுக்கே நடந்துபோன ஒருவர் காரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். "அவரையும் நிறுத்தச் சொல்லுங்க" என்றான் சித்தப்பா.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு இல்லத்தில் ஒரு கலகம் வெடித்தது. பயிற்சி நேரத்தில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இங்கேயும் பிரேக் வேணும்."

பயிற்சிக்கார இளம்பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. டீச்சர் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கு உடனே புரிந்தது.  தூக்குகிறார்கள், புரட்டுகிறார்கள், இழுக்கிறார்கள், எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள் நிறுத்தி நின்ற காரியம் என்று உலகத்தில் அந்தக் கார் ஒன்றுதான்.

"நிறுத்திட்டே இருந்தா கால் எப்படி நீளும்?" என்றாள் பயிற்சிக்காரி, கவலையோடு.

"நிறுத்தினா அங்கேயே நின்னுடுவோமா? கார் மறுபடி போகுதே" என்றாள் முதலாளி.

 பயிற்சிக்காரி முதலாளியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "சரி. நீ நிறுத்தினா கையை எடுத்துடுவேன். நீ சொன்னாத்தான் மறுபடி தொடுவேன். ஆனா நீ சொல்லணும்."

"சொல்வேன்."

இதற்கும் கண்டுபிடிப்பாளரே கூப்பிடப்பட்டார். சிவப்புத் துணியில் ஒரு குட்டித் திண்டு தைத்து, அதற்குள் பீப்பி பொம்மை ஒன்றைப் புதைத்துக் கொண்டுவந்தார். அமுக்கினால் "கீய்ங்" என்று கத்தும். முதல் நாள் கூடம் பூராவும் கீய்ங் மயம். பயிற்சி ஒரு அங்குலம் நகரவில்லை. பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. நாளாக ஆக, முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் திண்டுக்கு மேலே தூக்கி வைத்தபடி, அமுக்காமலே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தானே சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்த முடியும் என்று தெரிந்தபின் வலியைக் கொஞ்சம் தாங்க முடிந்தது. கால் முன்னைவிட நீண்டது. பயிற்சிக்காரி அதைப் பார்த்துவிட்டு அறைக்கு வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

மொட்டுக்குத்தான் எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. விரல் திறக்காது. திண்டை அவள் முழங்கைக்குக் கீழே வைத்தார்கள். டீச்சர் தினமும் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்த முழங்கையை மெதுவாக அமுக்கிக் காட்டுவாள். கீய்ங் என்றதும் பயிற்சிக்காரி கையை எடுத்துவிடுவாள். மறுபடி. மறுபடி. குழந்தை அழுதுகொண்டேதான் இருந்தது. டீச்சர் ஒருநாளும் சத்தமாக ஜெபிக்கவில்லை. உள்ளுக்குள் ஒரே ஒரு சொல்தான், வாங்கப்பா, வாங்கப்பா என்று. எப்போதும் ஆண்டவரை உம், நீர் என்று மரியாதையாகக் கூப்பிட்டவள், இப்போது வீட்டு மனுஷரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள்.

ஒரு மத்தியானம் டீச்சர் கையை எடுத்திருந்த நேரத்தில், கீய்ங்.

பயிற்சிக்காரி சட்டென்று கையை எடுத்தாள். மொட்டு அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் கைகளையே பார்த்தது. தற்செயலாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பயிற்சிக்காரி மெல்ல மறுபடி காலைத் தொட்டாள். கீய்ங். கையை எடுத்தாள். தொட்டாள். கீய்ங். எடுத்தாள். அப்போது ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தார்கள். இல்லை. மொட்டு சிரித்தது. யாரும் கேட்டிராத சிரிப்பு, தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி.

கூடத்தில் பிறகு நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல முடியாது. முதலாளி நாற்காலியைத் தட்டினாள். சித்தப்பா "நான் அப்பவே சொன்னேன்" என்றான். அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பெரியம்மா பயிற்சிக்காரியைக் கட்டிக்கொண்டார். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. அவள் விக்கும்போதெல்லாம் மொட்டு மறுபடி சிரித்தது.

அந்த வாரம் பாஸ்டரம்மா இல்லத்தைப் பார்க்க வந்தாள். "ஆண்டவர் என்ன பேசினார் சிஸ்டர், சாட்சி சொல்லுங்களேன்" என்று கேட்டாள்.

"பேசவே இல்ல. நான் அவரை அனுப்பி வைக்கிறதா நினைச்சிட்டு இருந்தேன். வந்து கதவைத் தட்டினா, அவர் எப்பவோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கார்" என்றாள் டீச்சர்.  பாஸ்டரம்மா தன் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, யாருக்குச் சாப்பாடு ஊட்டவேண்டும் என்று விசாரித்தாள்.

சனிக்கிழமை காலையில் மொட்டை முதன்முதலாகக் காரில் ஏற்றினார்கள். மெத்தைக் கடைக்காரர் அவளுக்கென்று படகு மாதிரி ஒரு திண்டு தைத்திருந்தார். பின்சீட்டில் பெரியம்மா மடியில் கைவைத்து உட்கார, முன்சீட்டில் மொட்டு. முழங்கைக்குக் கீழே சிவப்புத் திண்டு. "கீய்ங் சொன்னா நிறுத்திடுவேன்" என்று டீச்சர் குனிந்து சொன்னாள். குழந்தை அவளையே பார்த்தது.

கார் ஊர்ந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வந்து மொட்டின் முன்முடியைத் தூக்கியது. அவள் வாய் திறந்தது. மைதானத்தின் ஓரத்தில் நாற்காலிகளில் இருந்த பிள்ளைகள் எப்போது கீய்ங் வரும் என்று காத்திருந்தார்கள். முதல் சுற்று முடிந்தது. வரவில்லை. இரண்டாவதும் முடிந்தது. "தூங்கிட்டாளா?" என்று சித்தப்பா கத்திக் கேட்டான். தூங்கவில்லை. கண் முழுக்கத் திறந்திருந்தது, மரம், சுவர், வானம், மறுபடி மரம் என்று ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. முழங்கை திண்டின் மேலேயே இருந்தது. அமுக்கவில்லை.

"போதுமா, நிறுத்தட்டுமா?" என்றார் பெரியம்மா பின்னாலிருந்து.

"அவ சொல்லலையே" என்றாள் டீச்சர்.

மெத்தைக் கடைக்காரர் கையை ஆட்டி ஏதோ சைகை காட்டினார். சாப்பாட்டு நேரமாகிவிட்டது. பாஸ்டரம்மா நாற்காலிகளை நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். டீச்சர் இரண்டாவது கியரைப் போட்டாள். கார் கொஞ்சம் வேகம் எடுத்தது. மொட்டு கொப்பளித்துச் சிரித்தது.